மூலக்கூற்று அடுக்கல்: ‘படிவு’ ஏன் போதவில்லை

உலோகத்தையும் கரிம மூலக்கூறுகளையும் மாறி மாறிப் பிணைத்து, நானோமீட்டர் கணக்கில் மிக மெல்லிய படலம் வளர்க்கும் ஒரு நுட்பம் இருக்கிறது. ஆங்கிலப் பெயர் ‘மாலிக்யூலர் லேயர் டெபாசிஷன்’, சுருக்கமாக எம்.எல்.டி. இதைத் தமிழாக்க உட்கார்ந்தால் உடனே கைக்கு வருவது ‘மூலக்கூற்று அடுக்குப் படிவு’. முதலிரண்டு சொற்களில் எனக்குக் குறை இல்லை. மூன்றாவதுதான் உறுத்துகிறது.

‘டெபாசிஷன்’ இலத்தீன் வழி வந்தது. கீழே வைத்தல், இறக்கி வைத்தல் என்பது அதன் வேர்ப்பொருள். வங்கியில் போடும் வைப்புத்தொகைக்கும் நீதிமன்றத்தில் தரும் வாக்குமூலத்துக்கும் அதே வேரில் பிறந்த சொற்கள்தான் ஆங்கிலத்தில் வழங்குகின்றன. நாம் அறிவியலுக்கு எடுத்துக்கொண்ட ‘படிவு’ இன்னும் அடக்கமான சொல். ஆற்றில் வண்டல் படிகிறது, கண்ணாடியில் தூசு படிகிறது. யாரும் செய்யாமல் தானே நிகழ்வது அது. எவ்வளவு நேரம் விடுகிறோமோ அவ்வளவு தடிப்பாகப் படியும். சூடாக்கிய உலோகத்தை வெற்றிடத்தில் ஆவியாக்கிக் கண்ணாடிமேல் பூசும் முறைக்கு இந்தச் சொல் அழகாகப் பொருந்தும். எம்.எல்.டி.யில் நடப்பது வேறு.

அலுமினியத்தையே எடுத்துக்கொள்வோம். பரப்பின் மேல், ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் சேர்ந்த ஹைட்ராக்சில் தொகுதிகள் நிறைந்திருக்கின்றன. அதன்மேல் டிரைமெத்தில் அலுமினியத்தின் ஆவியைச் செலுத்துகிறார்கள்; ஓர் அலுமினிய அணுவோடு கார்பனும் ஹைட்ரஜனும் கொண்ட மூன்று மெத்தில் தொகுதிகள் பிணைந்த சேர்மம் அது. அலுமினியம் பரப்பிலுள்ள ஆக்சிஜனைப் பற்றிக்கொள்ள, மீத்தேன் வெளியேறுகிறது. பற்ற இடம் தீர்ந்ததும் வினை நின்றுவிடும். அதற்குப் பிறகு எவ்வளவு ஆவியைச் செலுத்தினாலும் இன்னொரு அடுக்கு ஏறாது. மிஞ்சியதை நைட்ரஜன் அல்லது ஆர்கான் கொண்டு வெளியேற்றிவிட்டு, எத்திலீன் கிளைக்கால் என்ற கரிமச் சேர்மத்தின் ஆவியை விடுகிறார்கள். இதன் இரு முனையிலும் ஹைட்ராக்சில் உண்டு. ஒரு முனை அலுமினியத்தோடு பிணைய, மறுமுனை மேலே நீட்டிக்கொண்டு அடுத்த அலுமினியத்துக்காகக் காத்திருக்கும். மறுபடியும் வெளியேற்றம், மறுபடியும் அலுமினியம். படலத்தின் தடிப்பைச் சுற்றுகளின் எண்ணிக்கை தீர்மானிக்கிறது. நேரத்துக்கு அதில் பங்கில்லை.

தானே நின்றுவிடும் இந்தக் குணம்தான் நுட்பத்தின் உயிர். ‘படிவு’ என்ற சொல்லில் அது இல்லவே இல்லை.

இதே நுட்பத்தின் உறவுமுறையில் ஒரு பெயர் நமக்கு வழிகாட்டுகிறது. மூலக்கூற்றுக்குப் பதில் அணுக்களை அடுக்கடுக்காக ஏற்றும் அணு அடுக்கு முறையைப் பற்றிப் பேசும்போது, 1974-இல் பின்லாந்தில் அதை உருவாக்கிய துவோமோ சுன்தோலாவின் பெயர் முதலில் வரும். 2018-இல் மில்லேனியம் தொழில்நுட்பப் பரிசு பெற்றவர். அவருக்கும் முன்பே, 1960-களில், லெனின்கிராடில் அலெஸ்கோவ்ஸ்கியும் கோல்த்சோவும் இதே அடிப்படையில் வேலை செய்தார்கள். அவர்கள் ரஷ்ய மொழியில் வைத்த பெயரின் நேர்ப்பொருள் ‘மூலக்கூறுகளை அடுக்குதல்’. படிதல் என்ற எண்ணமே அதில் கிடையாது. அடுக்குவதில் ஒரு வரிசை இருக்கிறது. ஒன்று முடிந்தபின்தான் அடுத்தது. அடுக்குபவர் ஒருவரும் இருக்கிறார். எனவே என் தேர்வு ‘மூலக்கூற்று அடுக்கல்’. முற்றிலும் கரிமப் பொருளாலான பாலிஇமைடு என்ற நெகிழியின் படலத்தை 1991-இல் ஜப்பானின் ஃபுஜிட்சு ஆய்வுக்கூடத்தில் யோஷிமுராவும் உடன் உழைத்தவர்களும் இம்முறையில் வளர்த்தார்கள். உலோகம் பின்னால்தான் உள்ளே வந்தது.

படலத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கண்ணில் படரும் திரைக்கும் காப்பியத்தின் உட்பிரிவுக்கும் வழங்கி வந்த சொல், இயற்பியலிலும் வேரூன்றிவிட்டது. ‘மெல்லேடு’ என்பது இதைவிட இனிய சொல்தான். ஆனால் ஏடு என்றால் ஓலை போலவோ பூவிதழ் போலவோ தனியாக எடுத்துக் கையில் வைக்கக் கூடியது என்றே மனம் எண்ணும். இந்தப் படலமோ அடியிலுள்ள பொருளோடு வேதிப்பிணைப்பால் ஒட்டியது. அதனால் படலமே நிற்கட்டும்.

சிக்கல் மிகுந்த இடம் அடுத்து வருகிறது: ‘கரிம உலோகம்’ என்பதா, ‘உலோகக் கரிமம்’ என்பதா? இரண்டும் ஒன்றுதானே என்று தோன்றலாம். வேதியியலில் ஒன்றல்ல. உலோக அணுவும் கார்பன் அணுவும் நேரடியாகப் பிணைந்திருந்தால் அது கரிம உலோகச் சேர்மம். 1840-களின் இறுதியில் எட்வர்டு பிராங்க்லண்டு ஆக்கிய டைஎத்தில் துத்தநாகம் அதற்குப் புகழ்பெற்ற எடுத்துக்காட்டு. காற்றுப் பட்டாலே தீப்பற்றும். டிரைமெத்தில் அலுமினியமும் அந்த இனம்தான். ஆனால் வளர்ந்து முடிந்த படலத்தில் அலுமினியத்துக்கும் கார்பனுக்கும் நடுவே ஆக்சிஜன் நிற்கிறது. ஆகவே கரிம உலோகச் சேர்மத்தில் தொடங்கி உலோகக் கரிமப் படலத்தில் முடிகிறது வேலை. சொல்வரிசையை மாற்றிப் போட்டால் பொருளே மாறிவிடும். மொழிபெயர்ப்பில் நான் அடிக்கடி காணும் பிழை இது, திருத்துவதும் எளிது.

‘கரிமம்’ பற்றி இடையில் ஒரு சொல். ஆங்கிலத்தின் ‘ஆர்கானிக்’ உயிருள்ளவற்றின் உறுப்புகளை நினைவூட்டும் சொல். உயிரிலிருந்தே இச்சேர்மங்கள் வரமுடியும் என்று நம்பிய காலத்தின் எச்சம் அது. 1828-இல் வோலர் யூரியாவை ஆய்வகத்தில் ஆக்கியபோது அந்த நம்பிக்கை ஆட்டங்கண்டது. இலங்கைத் தமிழில் வழங்கும் ‘சேதனம்’ அந்தப் பழைய பொருளையே சுமக்கிறது. தமிழ்நாட்டில் வழங்கும் ‘கரிமம்’ கரியை, அதாவது கார்பனை, நேராகச் சுட்டுகிறது. இந்த ஓரிடத்தில் தமிழ்ச்சொல் மூலச்சொல்லைவிடத் துல்லியமானது என்பதில் எனக்கு ஐயமே இல்லை.

உலோகமும் கரிமமும் சேர்ந்த படலத்தை ஆங்கிலத்தில் ‘ஹைப்ரிட்’ என்பார்கள். இலத்தீனில் அச்சொல் காட்டுப்பன்றிக்கும் வீட்டுப்பன்றிக்கும் பிறந்த குட்டியைக் குறித்தது. அதையொட்டி நாமும் ‘கலப்பினம்’ என்கிறோம். பயிருக்கும் விலங்குக்கும் சரி. படலத்துக்கு இனம் ஏது? ‘கலப்புப் படலம்’ என்றாலும் சிக்கல் தீராது. கலவை வேறு, சேர்மம் வேறு என்று பள்ளியிலேயே படித்துவிட்டோம். இங்கே இரண்டும் கலக்கவில்லை, பிணைந்திருக்கின்றன. ‘உலோகக் கரிம இணைபடலம்’ என்றால் பிணைப்பும் தெரியும், இரண்டு பேர் இருப்பதும் தெரியும்.

தனிப்பெயர்களை அப்படியே வைத்துக்கொள்ளலாம். அலுமினியம் சேர்ந்தது அலுகோன், துத்தநாகம் சேர்ந்தது சிங்கோன், டைட்டானியம் சேர்ந்தது டைட்டானிகோன். அலுகோனை இம்முறையில் வளர்த்து 2008-இல் விரிவாக விளக்கியது, கொலராடோ பல்கலைக்கழகத்தில் ஸ்டீவன் ஜார்ஜின் குழு. 85 பாகை செல்சியஸில் ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 0.4 நானோமீட்டர் வளர்ந்தது. 175 பாகையில் 0.04 நானோமீட்டராகச் சுருங்கிவிட்டது. அப்படியானால் தாழ்ந்த வெப்பநிலையில் 100 சுற்றுக்கு வெறும் 40 நானோமீட்டர். எத்திலீன் கிளைக்கால் சில வேளை தன் இரு முனைகளாலும் கீழேயே பற்றிக்கொண்டால், மேலே நீட்ட முனை இருக்காது. அந்த இடத்தில் அடுக்கு முடிந்துபோகும். அடுக்கல் என்ற சொல்லை மனத்தில் வைத்துக்கொண்டால் இந்தக் குறையும் எளிதில் விளங்கும்.

இத்தனை பாடு எதற்கு என்றால், அலுமினியம் ஆக்சைடு படலம் ஈரத்தை நன்றாகத் தடுக்கும், ஆனால் வளைத்தால் விரிசல் விடும். இடையிடையே அலுகோன் அடுக்கு வைத்தால் வளைவைத் தாங்கும் திறன் கூடும். மின்கல மின்முனைகளுக்கு மெல்லிய பாதுகாப்புப் பூச்சாகவும் இதை ஆய்ந்திருக்கிறார்கள். இன்னொரு பயன் எனக்கு மிகப் பிடித்தது. அலுகோனைக் காற்றில் நன்கு சூடாக்கினால் கரிமப் பகுதி எரிந்து வெளியேறி, நுண்துளைகள் நிறைந்த அலுமினியம் ஆக்சைடு எஞ்சும். அதை இணைபடலம் என்று இனி அழைக்க முடியாது. ‘நுண்துளை ஆக்சைடு படலம்’ என்றுதான் எழுத வேண்டும்.