தட்டு ஒழுக்கமா, பந்துத் தெரிவா?

அடிபந்தாட்டத்தை, அதாவது பேஸ்பாலைப், பற்றித் தமிழில் எழுத முற்படுகிறவரை முதல் பத்தியிலேயே தடுத்து நிறுத்தும் சொற்களுள் ஒன்று 'பிளேட் டிசிப்ளின்'. ஓர் அணியின் ஆட்டம் சென்ற பருவத்தைவிட மேம்பட்டிருந்தால், அதற்கு அமெரிக்க வர்ணனையாளர்கள் கூறும் காரணங்களில் இது தவறாமல் இடம்பெறும். மட்டையாளர்களின் பொறுமை கூடியிருக்கிறது, 'அப்ரோச்' மாறியிருக்கிறது என்றும் சேர்த்துக் கூறுவார்கள். அகராதியைப் பார்த்துத் 'தட்டு ஒழுக்கம்' என்று பெயர்த்தால், பந்தியில் அமர்ந்து உண்ணும்போது காக்க வேண்டிய நாகரிகம் என்றே தமிழ் வாசகர் பொருள்கொள்வார்.

சொல் குறிக்கும் பொருள் இதுதான். மட்டையாளரின் முழங்காலுக்குச் சற்றுக் கீழே தொடங்கி, தோளுக்கும் இடுப்புக்கும் நடுவிடம் வரை உயர்ந்து, 17 அங்குல அகலம் கொண்ட ஒரு கற்பனைப் பரப்பின் வழியாக வரும் பந்து, மட்டையாளர் தொடாமல் விட்டாலும் ஸ்டிரைக் எனப்படும். அப்பரப்புக்கு வெளியே சென்று, அவர் மட்டை வீசாமல் விட்ட பந்து 'பால்' எனப்படும். மூன்று ஸ்டிரைக் சேர்ந்தால் அவர் வெளியேற வேண்டும்; நான்கு 'பால்' சேர்ந்தால், ஓட்டம் எடுக்கச் சுற்றிவர வேண்டிய தளங்களுள் முதலாவதற்கு இலவசமாக நடந்து செல்லலாம். வெளியே செல்லும் பந்தை எட்டி அடிக்க முயன்று தவறவிட்டாலோ, எறிவாளருக்குக் கணக்கில் ஏற வேண்டிய பிழை மட்டையாளரின் கணக்கில் ஸ்டிரைக்காக ஏறிவிடும். அடிக்கத் தக்க பந்தையும் விடத் தக்க பந்தையும் பிரித்தறிந்து, அந்த அறிவின்படி மட்டையை வீசவோ அடக்கவோ செய்யும் திறனையே 'பிளேட் டிசிப்ளின்' என்கிறார்கள். அறுபதரை அடி தொலைவிலிருந்து மணிக்கு 90 மைலுக்கு மேற்பட்ட வேகத்தில் வரும் பந்து ஏறத்தாழ 0.4 நொடியில் வந்துசேர்ந்துவிடும் என்பதால், முடிவெடுக்கக் கிடைக்கும் நேரம் அதனினும் குறைவு.

இனிச் சொல்லைப் பிரித்துப் பார்க்கலாம். 'பிளேட்' உண்ணும் தட்டன்று. 1850களின் விதிகளில், மட்டையாளர் நிற்கும் இடத்துக்கு அடையாளமாக வெள்ளை பூசிய வட்ட இரும்புத் தகடு ஒன்றைத் தரையில் பதிக்க வேண்டும் என்றிருந்தது. பின்னர் இரும்பு போய் ரப்பர் வந்தது. 1900இல் அது இன்றைய ஐங்கோண வடிவத்தையும் 17 அங்குல அகலத்தையும் பெற்றது. பொருளும் வடிவமும் மாறிய பின்னும் தகடு என்ற பெயர் மாறவில்லை. ஆகவே நேர்ப்பெயர்ப்பு வேண்டுமென்றால் 'தகடு' என்பதே வரலாற்றுக்கு ஒத்தது. ஆனால் இத்தொடரில் 'பிளேட்' அந்தப் பொருளைக்கூடக் குறிக்கவில்லை. 'ஊர் சிரித்தது' என்பதில் ஊர் அங்குள்ள மக்களைக் குறிப்பதுபோல, இங்கே தகடு அங்கு நின்று பந்தை எதிர்கொள்ளும் செயலைக் குறிக்கிறது. நம் இலக்கணத்தில் ஆகுபெயர் என்று இதற்கு இடமுண்டு. ஆகுபெயரைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தால்தான் பந்தி நாகரிகத்தில் போய் முடிகிறது.

'டிசிப்ளின்' என்ற மற்றைப் பாதி இன்னும் சுவையானது. தொடக்கக் காலத்தில் இத்தகைய திறனுக்குத் தேவையே இருக்கவில்லை. 1887க்கு முன்பு மட்டையாளர் தமக்கு உயரமான பந்து வேண்டுமா தாழ்வான பந்து வேண்டுமா என்று கேட்டே வாங்கலாம். நல்ல பந்துகளையும் அடிக்காமல் வெறுமனே நின்று ஆட்டத்தை இழுத்தடித்தவர்களை வழிக்குக் கொண்டுவரவே 1858இல் நடுவர் அறிவிக்கும் ஸ்டிரைக் வந்தது. அதாவது, பொறுமை இந்த விளையாட்டின் விதிப்புத்தகத்துக்குள் ஒரு குற்றமாகத்தான் நுழைந்தது! 1879இல் ஒன்பது 'பால்' சேர்ந்தால்தான் இலவச நடை கிடைக்கும். 1889இல் அது நான்காகக் குறைந்தபோதே, விட்டுவிடுவதும் ஒரு வருவாய் என்ற நிலை உறுதிப்பட்டது.

அதன் பிறகும் நெடுங்காலம் இத்திறனைக் 'கண்' என்றே அழைத்தார்கள். 'நல்ல கண் உள்ளவர்' என்றால் பிறவிக் கொடை என்று பொருள். 1950களில் வாஷிங்டன் அணிக்கு ஆடிய எடி யோஸ்ட்டின் வாழ்நாள் அடிப்புச் சராசரி (அடித்தே தளம் அடைந்த விகிதம்) 0.254 மட்டுமே, ஆயினும் 1,614 இலவச நடைகளால், நடைகளையும் சேர்த்து அவர் தளம் அடைந்த விகிதம் 0.394 ஆக உயர்ந்தது. அவருக்கு 'நடக்கும் மனிதர்' என்று பட்டப்பெயரும் உண்டு. தளம் அடையும் விகிதம் அதிகாரபூர்வமான புள்ளிவிவரமானது 1984இல்தான் என்பதால், அவர் ஆடிய காலத்தில் அவருடைய மதிப்பு அளக்கப்படவே இல்லை என்பது என் கருத்து. கண் 'டிசிப்ளின்' ஆனது பெயர்மாற்றம் மட்டுமன்று. அச்சொல் மாணாக்கரைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது; அதன் அடியில் கிடப்பது கற்றல். பிறவிக் கொடை, கற்பிக்கக் கூடிய பாடமாயிற்று. 'ஒழுக்கம்' என்ற தமிழ்ச் சொல்லோ ஒழுகுதல், நடத்தல் என்ற வேரிலிருந்து வந்து நன்னடத்தையில் நிலைத்துவிட்டது. மட்டையாளர் வெளிப்பந்தைத் துரத்துவது நடத்தைக் கேடு அன்று.

'பொறுமை' என்று வைத்தால் என்ன என்று கேட்கலாம். ஆங்கிலத்தின் 'பேஷன்ஸ்' துன்பம் தாங்குதலைக் குறிக்கும் இலத்தீன் வேரிலிருந்து வந்தது. நம் பொறுமையும் 'பொறு' என்ற தாங்குதலிலிருந்தே வந்தது. அழகான ஒற்றுமைதான். ஆனால் 'செயலற்ற' என்று பொருள்படும் 'பேசிவ்' என்ற சொல்லும் அதே இலத்தீன் வேரின் கிளை, சிக்கல் அங்கேதான் இருக்கிறது. பாஸ்டன் ரெட் சாக்ஸ் அணி 2017இல் 168 ஹோம் ரன்கள் (பந்தை எல்லைக்கு வெளியே அனுப்பும் அடிகள்) மட்டுமே அடித்து, அமெரிக்காவின் இரு பெரும் லீக்குகளுள் ஒன்றான அமெரிக்கன் லீக்கில் கடைசியில் நின்றது. அடிக்கத் தக்க பந்துகளையும் அதன் மட்டையாளர்கள் பார்த்துக்கொண்டு நின்றார்கள் என்பதே அன்றைய விமர்சனம். 2018இல் மேலாளராக வந்த அலெக்ஸ் கோரா, பரப்புக்குள் வரும் நல்ல பந்தை முதற்பந்தாயினும் விடாதீர்கள் என்று வற்புறுத்தினார். அணியின் மட்டையாளர் மூக்கி பெட்ஸின் அடிப்புச் சராசரி 0.264இலிருந்து 0.346ஆக ஏறியது, துணிந்து வீசியும், முந்தைய ஆண்டைவிடக் குறைந்த ஆட்டங்களில் ஆடியும், அவருடைய இலவச நடைகள் 77இலிருந்து 81 ஆயின. அணி 108 வெற்றிகளுடன், பருவத்தின் இறுதிப் போட்டியான உலகத் தொடரையும் வென்றது. இதனைப் பொறுமை கூடியதால் விளைந்தது என்று எழுதினால் பொய்யாகும். குறைந்ததால் விளைந்தது என்றாலும் பாதியே உண்மை. கூடியது தெரிவு.

அதே பாஸ்டன் அணியின் முற்கால மட்டையாளர் டெட் வில்லியம்ஸ், ஏழுக்குப் பதினொன்றாக 77 பந்துகளை அடுக்கி அப்பரப்பைக் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் தம் சராசரி எவ்வளவாக இருக்கும் என்று கணித்தார்: நடுவில் 0.400, வெளிப்புறத் தாழ்மூலையில் 0.230. மூலையில் வருவதும் ஸ்டிரைக்தான். இருந்தாலும் அதை விட்டு நடுப்பந்துக்குக் காத்திருப்பதே அவர் வழி. ஓடுமீனை ஓடவிட்டு உறுமீனுக்குக் காத்திருக்கும் கொக்கை அறிந்த நமக்கு, அவர் தேடியதை 'உறுபந்து' என்று சொன்னால் விளக்கவுரை தேவைப்படாது.

ஆகவே நான் பரிந்துரைப்பது 'பந்துத் தெரிவு'. 'தெரி' என்ற வினைக்குக் கண்ணுக்குப் புலப்படுதல், அறிதல், பொறுக்கி எடுத்தல் என்ற மூன்று பொருளும் உண்டு. ஆங்கிலம் 'கண்' என்றும் 'டிசிப்ளின்' என்றும் இரண்டு காலங்களில் இரண்டு சொற்களால் சொன்னது இந்த ஒரு வேருக்குள் அடங்குகிறது. இலங்கைத் தமிழில் தெரிவு அன்றாடச் சொல். தமிழ்நாட்டில் அவ்விடத்தில் வழங்கும் 'தேர்வு' பெரிதும் பரீட்சையைக் குறிப்பதாகிவிட்டதால், இங்கும் 'தெரிவு' என்பதையே எடுத்துக்கொள்வது நல்லது. வினையாக எழுதும்போது 'தெரிந்தடித்தல்' பொருந்தும்: 'இந்தப் பருவத்தில் அவ்வணி தெரிந்தடிக்கிறது.'

'அப்ரோச்' பற்றி அதிகம் கூற வேண்டியதில்லை. நெருங்குதல் என்ற வேரிலிருந்து வந்த அச்சொல்லுக்கு, அணுகுதலிலிருந்து வந்த 'அணுகுமுறை' ஏற்கெனவே இருக்கிறது. அது முன்கூட்டி வகுத்த திட்டத்தைக் குறிக்கும். பந்து கைவிட்டுக் கிளம்பிய பின் நடப்பது தெரிவு.