அவலாஞ்சி: பனிப்பொழிவே இல்லாத ஊரும் பனிச்சரிவும்

நீலகிரியில் எமரால்டு தாண்டி அவலாஞ்சி போகும் பஸ்ஸில் ஒருமுறை, முன் இருக்கைச் சிறுவன் தன் அப்பாவிடம், "அங்கே மலையிலிருந்து பனி உருண்டு வருமா?" என்று கேட்டான். பாடத்தில் 'அவலாஞ்ச்', அதாவது பனிச்சரிவு, படித்திருப்பான் போலும். அப்பா விழித்தார். நடத்துநர்தான், "மழை வரும் தம்பி. குடை இருக்கிறதா?" என்றார். அவர் சொன்னதுதான் சரி. 2019 ஆகஸ்டில் அங்கே ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது.

19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்தப் பக்கத்து மலை ஒன்று பெயர்ந்து விழுந்தது. விழுந்தது வெறும் மண். ஆங்கிலேயர் அதற்குப் பனிக்குரிய சொல்லைச் சூட்டிவிட்டார்கள். நம் நாக்கு கடைசியில் ஓர் இகரத்தை ஒட்டி, காஞ்சி, செஞ்சி வரிசையில் அதையும் உட்காரவைத்துவிட்டது. ஊர்ப்பெயராக அது அப்படியே இருக்கட்டும்.

மூலச்சொல் பிரெஞ்சு. ஆல்ப்ஸ் மலைக்காரர்களின் வட்டார வழக்கில் அது 'லவாஞ்ச்'. 'அவலே' என்ற வினையின் சாயல் படிந்து 'அவலாஞ்ச்' ஆயிற்று என்பார்கள். அந்த வினைக்குப் பழைய பொருள் கீழே இறங்குதல். இன்றைய பொருள் விழுங்குதல். இரண்டுமே பொருந்துவதுதான் வேடிக்கை.

தமிழில் 'பனிச்சரிவு' நிலைத்துவிட்டது, நல்ல சொல். செய்திகளில் அடிபடும் 'பனிப்பாறைச் சரிவு'தான் குழப்பம். மலைமேல் ஆண்டுக்கணக்கில் இறுகி மெல்ல நகரும் பனிப்பாறை, அதாவது பனியாறு, வேறு. நொடியில் பெயர்ந்து பாயும் பனி வேறு. 2016 பிப்ரவரியில் சியாச்சினில் ஒரு பனிச்சரிவில் மெட்ராஸ் ரெஜிமென்ட் வீரர்கள் பத்துப் பேரைப் பறிகொடுத்தோம். அந்த ரெஜிமென்டின் பயிற்சி மையம் இருப்பது நம் வெலிங்டனில். இந்தச் சொல் நீலகிரிக்கு அவ்வளவு தொலைவானதல்ல.

இன்னொரு சிக்கல் 'சரிவு' என்பதிலேயே இருக்கிறது. மலையின் சாய்ந்த பக்கமும் சரிவு, அது இடிந்து விழுவதும் சரிவு. "30 முதல் 45 டிகிரி வரையுள்ள பனிச்சரிவில் பனிச்சரிவு ஏற்படும்" என்று எழுதினால் யாருக்கு விளங்கும்? இடத்தைச் 'சாய்வு' என்றும் நிகழ்வைச் 'சரிவு' என்றும் பிரித்துக்கொண்டால் போதும்.

எனக்கு முக்கியமாகப் படுவது வேறொரு சொல். ஆபத்தான பனிச்சரிவு பெரும்பாலும் பாளமாகப் பெயர்வது. மேலே இறுகிய பாளம், அடியில் ஒட்டாத மெல்லிய அடுக்கு. ஆள் மிதித்ததும் அடி அடுக்கு நொறுங்கும். பாளம் மொத்தமாக வழுக்கும். அந்த அடி அடுக்கை 'பலவீனமான அடுக்கு' என்று எழுதுகிறார்கள். நான் 'நொய் அடுக்கு' என்பேன். நொய் என்றால் நொய்மை. சல்லடையில் கீழே இறங்கும் குறுணையும் நொய்தான். பனியின் அடியில், தரையை ஒட்டி வளரும் பெரிய பனித்துகள்களைக் கையில் அள்ளினால் குறுணையைப் போலவே, உருண்டை பிடிக்க வராமல் விரலிடுக்கில் உதிரும்.

நொய் அடுக்கின் இன்னொரு வகை நமக்குப் பழக்கமானது. ஜனவரியில் ஊட்டி அருகே தலைக்குந்தா புல்வெளியில் விடிகாலை வெள்ளையாகப் பூத்துக் கிடக்குமே, அந்த உறைபனி. தெளிந்த வானம், காற்றில்லாத இரவு, கடுங்குளிர்: அதே சூழலில் இமயத்தில் பனிப்பரப்பின் மேலும் இறகு இறகாகப் படிகங்கள் பூக்கும். இங்கே வெயில் ஏறியதும் மறைந்துவிடும். அங்கே அதன் மேல் புதுப்பனி விழுந்தால் புதைந்து, வாரக்கணக்கில் அப்படியே காத்திருக்கும். நாம் படம் எடுத்துக்கொள்ளும் அழகு, அங்கே ஆளைக் கொல்கிற நொய்.

மலைமுகட்டில் காற்றின் கைவரிசையையும் பார்க்க வேண்டும். காற்று ஒரு பக்கத்துப் பனியை வாரி மறைவுப் பக்கத்தில் குவிக்கும். முகட்டு விளிம்பில் தாழ்வாரம் போல் பனி நீட்டிக்கொண்டு நிற்கும். காலடியில் 'வும்ப்' என்று பனி அமுங்கும் சத்தமும், ஓடும் வெடிப்பும் நேரடி எச்சரிக்கை.

நொய் அடுக்கு இருக்கிறதா என்று சோதிப்பவர்கள் பனியில் குழி தோண்டி, 90 சென்டிமீட்டர் நீளமும் 30 சென்டிமீட்டர் அகலமும் உள்ள பனித்தூணைத் தனியே அறுத்தெடுப்பார்கள். ஒரு முனையில் மண்வாரியை வைத்து, மணிக்கட்டை அசைத்துப் பத்துத் தட்டு, முழங்கையிலிருந்து பத்து, தோளிலிருந்து பத்து. ஒரு குழி மலை முழுவதற்கும் சாட்சியாகாது. காற்றின் போக்குக்கேற்ப பத்தடி தள்ளி வேறு கதை இருக்கலாம். ஆனால் தட்டத் தட்ட ஒரு வெடிப்புக் கோடு தூணின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை பளிச்சென்று ஓடிவிட்டால், நொய் வாய் திறந்துவிட்டது. மூட்டையைக் கட்டிக்கொண்டு வந்த வழியே இறங்கிவிடுவார்கள்.