மலையடியில் இரையும் கடல் குடாவில் ஏன் அடங்குகிறது?

திருகோணமலை டச் பே கடற்கரையில் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடக்கத் தொடங்கினால் முதலில் வருவது பிரட்ரிக் கோட்டை வாசல். அப்புறம் மான்கள், கொஞ்சம் ஏற்றம், கடைசியில் கோணேசர் கோயில். நடைப்பயணம் என்று சொல்லவே கூச்சமான தூரம்தான். ஆனால் மூன்று பிள்ளைகளையும் அம்மம்மாவையும் கூட்டிக்கொண்டு போனால் ஒரு காலைப்பொழுது முழுக்கப் போய்விடும். மான்களைத் தாண்டுவதற்கே அரை மணித்தியாலம் வேண்டும்.

போன சித்திரை விடுமுறையில் அப்படிப் போனபோது, இராவணன் வெட்டு என்ற மலைப்பிளவுக்குப் பக்கத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு அக்காவின் மகள் கேட்டாள்: "மாமா, கீழ இருந்த கடல் சும்மா கிடந்துது. இங்க மட்டும் ஏன் இப்பிடி இரையுது? ரெண்டும் ஒரே கடல்தானே?"

"அது பாறையில அடிக்குது" என்றேன். அது பதில் இல்லை என்று எனக்கே தெரிந்தது. அவள் கேட்டது, அதே அலை கரையில் ஏன் அப்படி அடிக்கவில்லை என்பதைத்தான்.

முதலில் ஒன்று: அலை வருகிறது என்றால் தண்ணீர் வருகிறது என்று பொருள் இல்லை. வலையில் கட்டிய மிதவையைப் பார்த்தால் தெரியும். அலை வரும்போது அது ஏறும், கொஞ்சம் முன்னே போகும், இறங்கும், கிட்டத்தட்டப் பழைய இடத்துக்கே வந்துவிடும். தண்ணீரும் அப்படித்தான் வட்டம் போடுகிறது. கரைக்கு வந்து சேர்வது அலையின் பலம் மட்டும். ஆழம் போகப் போக அந்த வட்டங்கள் சிறுத்துக்கொண்டே போய், அலையின் நீளத்தில் (ஒரு முகட்டில் இருந்து அடுத்த முகடு வரை) பாதி ஆழத்தில் ஏறக்குறைய இல்லாமலே போய்விடும். 8 வினாடிக்கு ஒருமுறை வருகிற அலைக்கு ஆழ்கடலில் நீளம் ஏறத்தாழ 100 மீற்றர். அது 50 மீற்றர் ஆழம் வரும்வரை தனக்குக் கீழே நிலம் இருப்பதையே அறியாது.

நிலம் தட்டுப்பட்டதும் வேகம் குறையத் தொடங்குகிறது. 10 மீற்றர் ஆழத்தில் மணிக்கு 32 கிலோமீற்றர் அளவில் ஓடுகிறது. அது ஓட்டோவின் வேகம். 2 மீற்றர் ஆழத்துக்கு வரும்போது 16 கிலோமீற்றர், சைக்கிளின் வேகம். முன்னால் போகிறது மெதுவாகிவிட்டது, பின்னால் வருகிறது இன்னும் வேகமாக வருகிறது. ஆகவே அலை நெருங்கி உயர்கிறது. உயரம் ஆழத்தின் நாலில் மூன்று பங்கைக் கொஞ்சம் தாண்டியதும் தாங்க முடியாமல் கவிழ்ந்து உடைகிறது.

இதுவரை சொன்னது எந்தக் கடற்கரைக்கும் பொருந்தும். அவளுடைய கேள்விக்கான விடை, அலையின் எல்லாப் பகுதியும் ஒரே நேரத்தில் மெதுவாவதில்லை என்பதில் இருக்கிறது. திரும்பி இறங்கியதும் டச் பே மணலில் இதைச் செய்து பார்த்தோம். மூன்று பிள்ளைகளும் நானும் கைகோத்து ஒரே வரிசையில் நடந்தோம். ஒரு ஓரத்தில் நின்றவனை மட்டும் கால் புதைகிற மணலில் நடக்கச் சொன்னேன். அவன் பின்தங்கினான், மற்றவர்கள் இறுகிய மணலில் போய்க்கொண்டே இருந்தார்கள். பத்து அடிக்குள் வரிசை முழுதும் அவன் பக்கம் வளைந்துவிட்டது. யாரும் திரும்பச் சொல்லவில்லை. அலையும் இப்படித்தான், மெதுவாகிற பக்கம் திரும்பும்.

கோணேசர் மலை இருக்கும் நிலநாக்குக்குத் தெற்கே டச் பே, வடக்கே பேக் பே. ஒரு நேர்கோட்டு அலை இந்த இடத்துக்கு வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். குடாவுக்குள் நுழைகிற பகுதிக்கு இரண்டு ஓரத்திலும் ஆழம் குறைவு, நடுவில் அதிகம். ஓரங்கள் பின்தங்க, நடு முன்னே ஓட, அலை வில்லாக வளைந்து நீள்கிறது. அதே பலம் இப்போது நீண்ட கரைக்குப் பகிரப்படுகிறது. ஒரு இடத்துக்குக் கிடைக்கும் பங்கு குறைந்துவிடுகிறது. முனையில் நடப்பது நேர் எதிர். இருபுறத்து அலையும் முனையைச் சுற்றி வளைவதால் பலம் அங்கே திரள்கிறது. ஒரு பானைச் சோற்றைக் குடாவில் ஐம்பது பேருக்குப் பரிமாறிவிட்டு, இன்னொரு பானையை முனையில் ஒருவனுக்கே கொட்டியது போல.

கோணேசர் மலைக்கு இன்னொரு விசேஷமும் உண்டு. கடலில் இருந்து ஏறத்தாழ 100 மீற்றர் செங்குத்தாக எழும் இந்தப் பாறை, தண்ணீருக்குக் கீழும் சடுதியாகவே இறங்குகிறது. மணற்கரையில் அலை தூரத்திலேயே உடைந்து, நுரைத்து, களைத்துப்போய்த்தான் வரும். இங்கே அப்படிக் களைக்க இடமே இல்லை. முழுப் பலத்தோடு வந்து மோதிவிட்டுத் திரும்புகிறது. திரும்பும் அலையும் வரும் அலையும் ஒன்றையொன்று குறுக்கே வெட்டுவதால், மேலே இருந்து பார்த்தால் கடல் பாய் பின்னியது போலத் தெரியும். அந்த இரைச்சலுக்குள் இடையிடையே 'தொம்' என்று ஒரு சத்தம் கேட்கிறதே, அது பாறை வெடிப்புக்குள் அகப்பட்ட காற்றை அலை நசுக்கும்போது வருவது. ஆழம் பக்கத்திலேயே இருப்பதில் ஒரு நன்மையும் உண்டு: பங்குனி, சித்திரையில் காலையில் பொறுமையாக நின்றால் தூரத்தில் திமிங்கிலம் மூச்சு விடுவதைக் காணலாம். பிள்ளைகளுக்குப் பொறுமை இல்லை, அம்மம்மாதான் கண்டார்.

சரி, இவ்வளவு அடி வாங்கியும் மலை ஏன் நிற்கிறது? இங்குள்ள குன்றுகளில் நிறையக் காண்பது குவார்ட்சைட் என்ற பாறை. அதன் பூர்வீகம் மணல். பழைய கடல்களும் ஆறுகளும் சேர்த்த மணல் இறுகி மணற்கல்லானது. 55 முதல் 60 கோடி ஆண்டுகளுக்கு முன், கொண்டுவானா என்ற பெருங்கண்டம் சேர்ந்தபோது அது பூமிக்குள் பல கிலோமீற்றர் ஆழத்தில் புதைந்து 800 பாகை செல்சியசுக்கு மேல் வெந்தது. மணிமணியாக இருந்த படிகங்கள் ஒன்றுக்குள் ஒன்று பொருந்திப் பூட்டிக்கொண்டன. கடினத்தை 1 முதல் 10 வரை அளக்கும் அளவுகோலில் குவார்ட்ஸ் என்ற இந்தப் படிகத்துக்கு 7. பேனாக் கத்தியின் இரும்புக்கு ஏறத்தாழ 5½. மழைநீரும் அதை இலேசில் கரைக்காது. ஒரு கைப்பிடி மணலை அள்ளிப் பிள்ளையின் கையில் கொடுத்து, மறு கையால் பாறையைத் தொடச் சொன்னால், அந்தப் பிள்ளை இரண்டு கடற்கரைகளைத் தொடுகிறது.

சுற்றியிருந்த மென்மையான பாறைகள் மக்கிப் பள்ளத்தாக்குகளாகின, குவார்ட்சைட் மேடாக மிஞ்சியது. ஏறத்தாழ 20,000 ஆண்டுகளுக்கு முன் கடல்மட்டம் இன்றைக்கு இருப்பதைவிட 120 மீற்றர் அளவு கீழே. பிறகு பனி உருகிக் கடல் ஏறியபோது பள்ளத்தாக்குகளுக்குள் தண்ணீர் புகுந்தது. நமது துறைமுகத்தின் முக்கும் மூலையும் அப்படி மூழ்கியவைதான்.

கடினமானது வளையாது, வெடிக்கும். அந்த வெடிப்புகளைப் புவியியலில் மூட்டு என்பார்கள். மூட்டுக்குள் உப்புநீர் புகும், காயும், உப்பு பளிங்காக வளர்ந்து இடுக்கை நெம்பும், மரவேரும் நெம்பும், அடியில் அலை காற்றை நசுக்கி நெம்பும். ஒருநாள் ஒரு பாளம் கழன்று விழும். இராவணன் வெட்டு இப்படியான நேர் செங்குத்துப் பிளவு. தாய்க்காக மலையைப் பெயர்க்க வந்த இராவணன் வாளால் வெட்டியது என்பது ஊர்க்கதை. நான் பிள்ளைகளுக்கு இரண்டையும் சொல்வேன். வாளைத்தான் அவர்கள் ஞாபகம் வைத்திருப்பார்கள், போகட்டும்.

இனி, குடும்பத்தோடு பாறைக்கரையில் நடப்பவர்கள் தெரிந்திருக்க வேண்டிய ஒரு விஷயம். அலைகள் ஒரே அளவானவை அல்ல. வெவ்வேறு காற்றுகள் கிளப்பிய அலைகள் கலந்து வருவதால், சில ஒன்றின்மேல் ஒன்று ஏறிப் பெருக்கும், சில ஒன்றையொன்று அழிக்கும். ஆயிரம் அலைகளில் பெரிய மூன்றிலொரு பங்கை எடுத்து அவற்றின் சராசரி உயரத்தைக் கணித்தால், அந்த ஆயிரத்தில் ஆகப் பெரியது அதைப்போல் ஏறத்தாழ இரு மடங்காக இருக்கும். 8 வினாடிக்கு ஒன்று என்றால் ஆயிரம் அலை வர இரண்டேகால் மணித்தியாலம் ஆகும். ஐந்து நிமிடம் பார்த்துவிட்டு "இஞ்ச வராது" என்று பாறையில் பிள்ளையை இருத்திப் படம் எடுக்கும் தகப்பன்மாரைக் காணும்போது எனக்கு வயிறு கலங்கும்.

கடலைப் பார்ப்பதைவிடப் பாறையைப் பார்ப்பது நல்லது. எங்கள் கரையில் வற்றுப்பெருக்கின் வித்தியாசம் ஒரு மீற்றருக்கும் குறைவு. ஆகவே பாறையில் கறுத்த பாசிக்கோடு உயரத்தில் இருந்தால், அங்கே தண்ணீரை ஏற்றியது பெரும்பாலும் அலைதான். அந்தக் கோட்டுக்குக் கீழே கால் வைக்க வேண்டாம். பாசி சுரக்கும் பசையும் தண்ணீரும் சேர்ந்து, செருப்புக்கும் பாறைக்கும் இடையில் ஒரு வழுக்குப் படலமாக நிற்கும். வெறும் ஈரப் பாறையில் நின்றுவிடலாம், பாசிப் பாறையில் முடியாது.

மாதமும் முக்கியம். கார்த்திகை முதல் தை வரை வாடைக்காற்று வங்காள விரிகுடாவின் நெடுந்தூரத்தைக் கடந்து வருகிறது. எவ்வளவு தூரம் தண்ணீர்மேல் வீசுகிறதோ அவ்வளவு அலை வளரும். சித்திரைக்குப் பிறகு வீசும் கச்சான் தரையில் இருந்து கடலுக்குப் போகிற காற்று. கரையோரத்தில் அலை வளர்க்க அதற்கு இடம் போதாது. கடல் அடங்கியிருக்கும், வெயில் அடங்காது. காலை ஆறரைக்கே வெளிக்கிட்டுவிடுங்கள். கோயிலில் வெறுங்காலோடு நிற்கும்போது பத்து மணிக் கல் என்ன சூடு என்று தெரியும்.

மறுநாள் நிலாவெளிக்குப் போனோம். அங்கே நடை இன்னும் இலேசு, எல்லாம் மணல். அடம்பன் கொடிக்கும் இராவணன் மீசை என்ற புல்லுக்கும் இடையில் காற்று வேகம் இழந்து மணலைப் போட்டுவிட்டுப் போவதால்தான் மணல்மேடு வளர்கிறது. இராவணன் மீசையின் முள்ளுப் பந்துகள் காற்றில் உருண்டு ஓட, பிள்ளைகள் துரத்தினார்கள். அந்தப் பந்துதான் அதன் விதையைச் சுமந்து போகும் வண்டி.

அலை ஏறி இறங்கும் இடத்தில் மணலில் மெல்லிய கறுப்புக் கோடுகள் கிடந்தன. ஏறும் அலைக்குப் பலம் அதிகம், திரும்பும் தண்ணீருக்குக் குறைவு. திரும்பும்போது அது பாரம் குறைந்த படிக மணலை இழுத்துக்கொண்டு, பாரமானதை விட்டுவிடுகிறது. படிகம் தண்ணீரைப்போல் 2.65 மடங்கு பாரம், இல்மனைற்று என்ற கறுப்புக் கனிமம் ஏறத்தாழ 4.7 மடங்கு. இதே தரம்பிரிப்பு நெடுங்காலம் நடந்து குவிந்ததுதான் வடக்கே புல்மோட்டையின் கறுப்பு மணல்.

அக்காவின் மகள் சட்டைப் பை நிறையக் கறுப்பு மணலைப் போட்டுக்கொண்டு வந்தாள். வீட்டில் பழைய ஸ்பீக்கர் காந்தத்தைக் காட்டினேன். கொஞ்சம் துள்ளி ஒட்டியது, அது மக்னற்றைற்று என்ற இரும்புக் கனிமம். மிச்சம் அசையவில்லை. அசையாததைச் சிறிய போத்தலில் போட்டு யன்னலில் வைத்திருக்கிறாள், இன்னும் பெரிய காந்தம் வாங்கித் தரட்டாம்.