பத்தாவது வாரம் நிமோனியா ஊசி ஏன் இல்லை?

தடுப்பூசி அட்டையைப் பார்த்துவிட்டுப் பல பெற்றோர் கேட்கும் கேள்வி இது: "ஆறாவது வாரம் நிமோனியா ஊசி போட்டாங்க, பத்தாவது வாரம் போடலையே, மறந்துட்டாங்களா?" மறக்கவில்லை. அரசு அட்டவணையில் நிமோகோக்கல் தடுப்பூசி, அதாவது பிசிவி, மூன்றே முறைதான்: ஆறாவது வாரம், பதினான்காவது வாரம், அப்புறம் ஒன்பது மாதம் முடிந்ததும் பூஸ்டர். தனியார் மருத்துவமனைகளில் பத்தாவது வாரமும் சேர்த்துப் போட்டு, பூஸ்டரை ஒரு வயதுக்கு மேல் தள்ளுவார்கள். அதனால் பக்கத்து வீட்டு அட்டையோடு ஒப்பிட்டுக் குழம்ப வேண்டாம்.

2017-ல் இமாச்சலப் பிரதேசத்திலும் உத்தரப் பிரதேசம், பீகாரின் சில மாவட்டங்களிலும் தொடங்கிய இந்த ஊசி, 2021-ல் தமிழ்நாடு உட்பட நாடு முழுக்க வந்தது. வெளியே ஒரு டோஸுக்கே ஆயிரக்கணக்கில் ஆகும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் காசு கிடையாது. நம்மூரில் புதன்கிழமைதான் ஊசி நாள் என்பது தெரிந்ததுதானே. ஐந்து நோய்களைத் தடுக்கும் கூட்டு ஊசியான பெண்டாவேலன்ட் இடது தொடையில், பிசிவி வலது தொடையில் போடுவார்கள். ஒரே நாளில் இரண்டு தொடையிலுமா என்று பாட்டிகள் பதறுவார்கள், பயமில்லை. போட்ட இடத்தைத் தேய்க்காதீர்கள், தைலமும் வேண்டாம்.

அதிகம் தவறிப்போவது ஒன்பதாம் மாத பூஸ்டர். முதல் இரண்டோடு வேலை முடிந்தது என்று நினைத்துவிடுகிறார்கள். தட்டம்மை–ரூபெல்லா ஊசிக்குப் போகும் அன்றே இதையும் கேட்டு வாங்கிவிடுங்கள். முதல் டோஸே தள்ளிப்போயிருந்தால், ஒரு வயது நிறைவதற்குள் கிராம சுகாதார செவிலியரைப் பாருங்கள்.

நிமோகாக்கஸ் கிருமி மூக்கிலும் தொண்டையிலும் சத்தமில்லாமல் குடியிருக்கும். நுரையீரலுக்கு இறங்கினால் நிமோனியா. மூளை உறைக்குப் போனால் மூளைக்காய்ச்சல். இதில் சுமார் நூறு வகை உண்டு, ஊசி தடுப்பது முக்கியமான சிலவற்றை. நிமோனியாவுக்கு வைரஸ் போன்ற வேறு காரணங்களும் உண்டு. ஆகவே ஊசி போட்ட குழந்தைக்கும் சளி பிடித்தால் சட்டையைத் தூக்கிவிட்டு, ஒரு முழு நிமிடம் மூச்சை எண்ணுங்கள். இரண்டு மாதம் முதல் ஒரு வயது வரை, 50 அல்லது அதற்கு மேல் போனாலோ, விலா எலும்புக்குக் கீழே நெஞ்சு உள்ளே இழுத்தாலோ, பால் குடிக்க மறுத்தாலோ உடனே மருத்துவமனைதான்.

சரி, வீட்டுப் பெரியவர்களுக்கு? இந்த அட்டவணை குழந்தைகளுக்கானது. 65 வயதைத் தாண்டியவர்கள், சர்க்கரை, நாள்பட்ட நுரையீரல் அல்லது சிறுநீரக நோய் உள்ளவர்கள், மண்ணீரல் அகற்றப்பட்டவர்கள் எல்லாம் போட்டுக்கொள்ள வேண்டியவர்களே. எந்த வகை, எத்தனை டோஸ் என்பதை வழக்கமாகப் பார்க்கும் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.