டெடிகோவானி: போலிஷில் தடம் மாறிய சொல்

போலந்தில் முகக் கிரீம் டப்பாவைத் திருப்பிப் பார்த்தால் 'வறண்ட சருமத்துக்கு டெடிகோவானி' என்று போட்டிருக்கும். கணினி சர்வர் வாடகைக்கு விடுபவர்களும் அதையே எழுதுகிறார்கள். ஆங்கில 'டெடிகேட்டட்' எங்கு வந்தாலும் இதே சொல்தான். தவறான மொழிபெயர்ப்பு.

மூலம் லத்தீன், தெய்வத்துக்கு நேர்ந்துவிடுதல் என்று பொருள். போலிஷில் 'டெடிகோவாச்' என்றால் ஒரு நூலையோ பாட்டையோ இன்னாருக்குக் காணிக்கையாக்குவது. அவ்வளவுதான்.

பிறமொழிச் சொல் என்பதற்காக இதை எதிர்க்கவில்லை. 'கொம்புட்டெர்', 'செர்வெர்' எல்லாம் வந்தன. புதுப் பொருளுக்குப் பெயர் தந்தன. இதுவோ ஏற்கெனவே வேறு பொருளில் வழங்கிவந்த சொல். 1999-ஆம் ஆண்டின் போலிஷ் மொழிச் சட்டப்படி நுகர்வோருக்கான விளம்பரமும் கையேடும் போலிஷில் இருக்க வேண்டும். ஆங்கிலச் சொல்லை அப்படியே போட்டால் சட்டம் கேட்கும். போலிஷ் விகுதியோடு வருவதை யார் கேட்பது?

இலக்கணமும் கெடுகிறது. போலிஷ் நூல்களின் காணிக்கைப் பக்கத்தில் 'மாம்யே' என்று ஒற்றைச் சொல் இருக்கும். 'அம்மாவுக்கு' என்று பொருள். நம் நான்காம் வேற்றுமை போல, விகுதியே போதும். இப்போது 'டெடிகோவானி ட்லா' என்று எழுதுகிறார்கள். இந்த 'ட்லா' ஆங்கில 'ஃபார்' இருந்த இடத்தில் வந்து உட்கார்ந்தது.

'ஒரே சொல் எல்லா இடத்துக்கும் பொருந்துகிறதே' என்று வாதிடுகிறார்கள். எனக்கு அதுதான் பெரிய குறை. சர்வர் என்றால் 'விஜெலோனி', பிரித்து ஒதுக்கியது. ஒரு வேலைக்கென்றே வைத்தது 'ப்ஷெஸ்னச்சோனி'. மனம் ஒன்றி உழைக்கும் ஆசிரியர் 'ஒடானி'. கிரீமுக்கு இவை எதுவுமே வேண்டாம். 'டோ' என்ற சின்ன இடைச்சொல்லே 'வறண்ட சருமத்துக்கான' என்பதைச் சொல்லிவிடும். இத்தனை நுட்பத்தையும் ஒரே சொல்லில் அடைத்தால், படிப்பவருக்கு ஒதுக்கியதா, உகந்ததா, உழைப்பவரா என்று புரிவதில்லை. இந்த மொழிபெயர்ப்பாளர்கள் ஆங்கிலச் சொல்லின் ஒலியைப் பார்க்கிறார்கள், அது அந்த இடத்தில் என்ன சொல்கிறது என்று பார்ப்பதில்லை.

தமிழிலும் இதே கூத்துதான். 'அர்ப்பணிக்கப்பட்ட சர்வர்' என்று எழுதுகிறார்கள். யார், எந்தச் சாமிக்கு அர்ப்பணித்தார்கள்? 'தனி சர்வர்' என்று எழுதுங்கள்.