மூன்றாவது பேட்டரி வாங்கும் முன் மீட்டர் வையுங்கள்

போன வாரம் காசிமேட்டிலிருந்து ஒருவர் வந்தார். ஒன்றரை வருடத்தில் மூன்றாவது பேட்டரியாம். "மூணு நாள் நிறுத்துனா செல்ஃப் அடிக்க மாட்டேங்குதுண்ணே. கம்பெனி சரியில்ல போல, வேற பிராண்ட் போட்டுடலாமா?" என்றார். இந்த மாதம் இதே வசனத்தைக் கேட்பது ஐந்தாவது தடவை. தண்டையார்பேட்டையில் இத்தனை வருடம் வண்டி வயரிங் பார்த்தும் எனக்கு இது பழகவில்லை.

மொட்டை மாடி சின்டெக்ஸ் ராத்திரியோடு ராத்திரியாகக் காலியானால் புது டேங்கா வாங்குவீர்கள்? எந்தக் குழாய் ஒழுகுகிறது என்றுதானே தேடுவீர்கள்? காருக்கு மட்டும் ஏன் டேங்கையே மாற்றுகிறீர்கள்?

வண்டியைப் பூட்டிய பிறகும் அலாரம், கடிகாரம் என்று கொஞ்சம் கரண்ட் போகத்தான் செய்யும். பொதுவாக 50 மில்லி ஆம்பியருக்குள் இருந்தால் பயமில்லை. இவர் வண்டியில் 400 போய்க்கொண்டிருந்தது. ஒரு நாளைக்கு 9.6 ஆம்பியர்-ஹவர் (Ah). பேட்டரியின் மொத்தக் கொள்ளளவே 35தான். மூன்று நாளில் எங்கிருந்து செல்ஃப் அடிக்கும்? இப்படி அடிவரை வற்றிக்கொண்டே இருந்தால் தகடுகளில் சல்ஃபேட் இறுகி, புது பேட்டரியும் கெட்டுப்போகும். கடையில் சோதித்துவிட்டு "பேட்டரி போச்சு" என்பார்கள். பொய்யில்லை. எதனால் போச்சு என்று யாரும் பார்ப்பதில்லை, அவ்வளவுதான்.

கடைசியில் அகப்பட்டது ஸ்டீரியோ. வெளியில் வாங்கி மாட்டும் செட்டில் மஞ்சள் வயர் எப்போதும் இருக்கும் கரண்டுக்கு, சிவப்பு வயர் சாவி போட்டால் வரும் கரண்டுக்கு. மாட்டிய புண்ணியவான் இரண்டையும் சேர்த்து முறுக்கி டேப் சுற்றியிருந்தார்; சாவியை எடுத்த பிறகும் செட் அணையவே இல்லை. டாஷ்கேம், ஜிபிஎஸ் மாட்டும்போதும் இதே கூத்துதான். எந்த ஃபியூஸிலிருந்து எடுத்தீர்கள் என்று நின்று கேளுங்கள்.

ஒரு ராத்திரி நின்ற வண்டியில் 12.6 வோல்ட் இருந்தால் பேட்டரி நிறைந்திருக்கிறது. எஞ்சின் ஓடும்போது ஏறக்குறைய 14 காட்டினால் ஆல்டர்னேட்டர் (எஞ்சினோடு சுற்றிக் கரண்ட் தயாரிக்கும் பாகம்) சார்ஜ் ஏற்றுகிறது. ஆனால் கரண்டை ஒரே பக்கமாக மட்டும் விடும் அதன் டயோடு கசிந்தால் ஃபியூஸ் பெட்டியைக் குடைந்தும் பிடிபடாது; ஆல்டர்னேட்டர் வயரைக் கழற்றித்தான் பார்க்க வேண்டும். எங்கள் பக்கத்து உப்புக் காற்றில் டெர்மினல் பூத்துப்போவது தனிக் கதை. மிக்ஜாம் வெள்ளத்தில் நின்ற வண்டி என்றால் கனெக்டர்களையும் பிரித்துப் பாருங்கள்.

எஞ்சின் ஓடும்போது டெர்மினலைக் கழற்றி "டெஸ்ட்" செய்யும் வீரர்களே, தயவுசெய்து வேண்டாம். வோல்டேஜ் எகிறி ஈசியு (எஞ்சினை நடத்தும் கம்ப்யூட்டர்) போனால் அந்தப் பணத்தில் எத்தனையோ பேட்டரி வாங்கலாம். தினமும் பத்து நிமிடம் ஸ்டார்ட் செய்து, ஏசியோடு நின்ற இடத்திலேயே ஓடவிட்டாலும் பேட்டரி சரியாகச் சார்ஜ் ஆகாது.

இன்னொன்று. ஜம்ப் கேபிள் போட்டு ஓட்டி வந்து, "ரெண்டு நிமிஷத்துல பாத்துடுங்கண்ணே" என்று பக்கத்திலேயே நிற்காதீர்கள். பூட்டிய வண்டியின் கம்ப்யூட்டர்கள் தூங்கவே அரை மணி நேரம்கூட ஆகும். அதன் பிறகுதான் மீட்டர் உண்மை பேசும். சாவியையும் எடுத்துக்கொண்டு போய் ஒரு டீ குடித்துவிட்டு வாருங்கள்.