நம்பிக்கையா, எதிர்பார்ப்பா, எதிர்நோக்கா?

"இளைய தலைமுறையின் விசுவாசத்தைக் குறித்த கிறிஸ்தவ எதிர்பார்ப்பு." வாலிபர் கூடுகை அறிவிப்பு, தியானக் கட்டுரை, ஆங்கிலச் செய்தியின் தமிழ் வடிவம் என எதைப் புரட்டினாலும் இந்த 'எதிர்பார்ப்பு' வந்து நிற்கிறது. ஆங்கில மூலத்தில் 'ஹோப்' (hope) என்றிருக்கும். அகராதியில் இரண்டாவதாகவோ மூன்றாவதாகவோ கிடந்த பொருளை ஒருவர் எடுத்து வைத்தார், மற்றவர்கள் அதையே பார்த்து எழுதுகிறார்கள். சொல் தவறு. அந்தச் சொல் பிள்ளைகளிடம் கொண்டுபோய்ச் சேர்க்கும் செய்தி அதைவிடத் தவறு.

மகன் எத்தனை மதிப்பெண் எடுப்பான் என்பது எதிர்பார்ப்பு. மாப்பிள்ளை வீட்டார் என்ன எதிர்பார்க்கிறார்கள் என்று தரகரிடம் விசாரிப்பதும் எதிர்பார்ப்புதான். எதிர்பார்ப்பவர் கடன் கொடுத்தவரைப்போல உட்கார்ந்திருப்பார், மறுபக்கத்தில் இருப்பவர் தீர்த்தாக வேண்டும். 18 வயதுப் பிள்ளையின் விசுவாசத்தைப் பற்றித் திருச்சபைக்கு 'எதிர்பார்ப்பு' இருக்கிறது என்று சொன்னால், அந்தப் பிள்ளையின் காதில் விழுவது இன்னொரு தேர்வின் அறிவிப்பு.

மூலச் சொற்களைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். புதிய ஏற்பாட்டின் கிரேக்கத்தில் எல்பிஸ், லத்தீனில் ஸ்பெஸ். எபிரேயத்தில் பல சொற்கள் உண்டு, முதன்மையானது திக்வா. காத்திருத்தலைக் குறிக்கும் வினையோடு உறவுள்ள சொல் இது. திக்வாவுக்குக் கயிறு என்ற பொருளும் உண்டு. யோசுவா 2ஆம் அதிகாரத்தில் ராகாப் சன்னலில் கட்டிய சிவப்பு நூற்கயிற்றைச் சொல்லும் இடத்தில் வருவது இதே சொல்தான். பிடித்துக்கொள்ள ஒரு கயிறு இருக்கிறது, அதனால் காத்திருக்க முடிகிறது. 'எதிர்பார்ப்பு' என்னும் சொல்லில் அந்தக் கயிறு இல்லை.

தமிழில் 'நம்பு' என்பதன் பழம்பொருள் பலருக்கு வியப்பாக இருக்கும். "நம்பும் மேவும் நசையாகும்மே" என்பது தொல்காப்பிய உரியியல். நசை என்றால் விருப்பம். 'நம்பு' தொல்காப்பியத்தில் விரும்புதலைக் குறித்தது, பின்னர்தான் உறுதியாகப் பற்றுதல் என்ற பொருள் அதில் ஏறியது. விருப்பமும் பற்றும் ஒரே சொல்லில் தங்கியிருக்கின்றன. எல்பிஸ் கேட்பதும் இந்த இரண்டையும்தான்.

இடைக்கால இறையியலாளர் தாமஸ் அக்குவினாஸ் இதற்கு நான்கு அளவுகோல்கள் தருகிறார். ஒருவர் ஹோப் கொள்ளும் பொருள் நல்லதாக இருக்க வேண்டும், இனி வரப்போவதாக இருக்க வேண்டும், அடைவதற்குக் கடினமாக இருக்க வேண்டும், ஆனாலும் அடையக்கூடியதாக இருக்க வேண்டும். தமிழ்ச் சொற்களை இதில் வைத்து நிறுத்துப் பார்க்கலாம். "அவன் தோற்பான் என்றுதான் எதிர்பார்த்தேன்" என்பது சாதாரணப் பேச்சு. ஆக, எதிர்பார்ப்புக்கு நன்மை தீமை வேறுபாடு கிடையாது. "நாளை பால் வரும் என்று எதிர்பார்க்கிறோம்" என்பதில் கடினமும் கிடையாது. இனி வருவது என்ற ஒன்றுமட்டும் மிஞ்சுகிறது. "அவன் தோற்பான் என்ற நம்பிக்கை எனக்கு இருக்கிறது" என்று ஒருவர் சொன்னால், அவர் அந்தத் தோல்வியை விரும்புகிறார் என்று கேட்பவருக்கு உடனே தெரிந்துவிடும். தொல்காப்பியர் சொன்ன நசை இன்றைக்கும் அந்தச் சொல்லுக்குள் உயிரோடு இருக்கிறது. இலவு காத்த கிளி எதிர்பார்த்துக் காத்தது, ஏமாந்தது. நம்பினோர் கெடுவதில்லை என்று ஊர் சொல்லும், எதிர்பார்த்தோர் கெடுவதில்லை என்று யாரும் சொன்னதில்லை. "அந்த நம்பிக்கை நம்மை வெட்கப்படுத்தாது" என்ற ரோமர் 5:5 தமிழ்க் காதுக்கு அந்நியமாகப் படாததற்கு இதுவே காரணம்.

'எதிர்பார்ப்பு' என்பாருக்கு வேத ஆதாரம் ஒன்று இருக்கிறது என்பதையும் மறைக்க வேண்டாம். எரேமியா 29:11இல் பழைய மொழிபெயர்ப்பு "நீங்கள் எதிர்பார்த்திருக்கும் முடிவை" என்கிறது. வாலிபர் முகாம் என்றால் இந்த வசனம் சுவரில் இருக்கும். எபிரேயத்தில் அங்கே இரண்டு பெயர்ச்சொற்கள் நிற்கின்றன: முடிவும் திக்வாவும். பழைய மொழிபெயர்ப்பு இரண்டையும் ஒன்றாக முடிச்சுப் போட்டுவிட்டது. 1995இல் வந்த 'திருவிவிலியம்' என்னும் புதிய மொழிபெயர்ப்பு அவற்றைப் பிரித்து "வளமான எதிர்காலத்தையும் நம்பிக்கையையும்" என்று சரியாகத் தருகிறது. இந்த அதிகாரம் பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எரேமியா எழுதிய கடிதம். அதற்கு முந்தின வசனம் 70 ஆண்டுகள் என்று கெடு சொல்கிறது. கடிதத்தை வாசிக்கக் கேட்ட பெரியவர்களில் பெரும்பாலோர் திரும்பிப் போகமாட்டார்கள். வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குத் திருமணம் செய்து வையுங்கள் என்று 5, 6ஆம் வசனங்கள் சொல்கின்றன. அந்தத் திக்வா பிறக்கப்போகும் தலைமுறையைப் பற்றியது. தன் கண்ணால் காணப்போவதில்லை என்று தெரிந்தும் தோட்டம் போடுகிறவருடையதை எதிர்பார்ப்பு என்று எப்படிச் சொல்வது?

இனி 'எதிர்நோக்கு', ஹோப்புக்கு இன்று கத்தோலிக்க வழக்கில் உள்ள சொல். இது சோம்பலில் பிறந்த சொல் அன்று, அறிஞர்கள் யோசித்து வைத்தது. அதனால் மரியாதையோடும் முழுமையாகவும் மறுக்க வேண்டியிருக்கிறது.

புராட்டஸ்டன்ட் சபையார் வாசிக்கும், 1871இல் வந்த ஐக்கிய மொழிபெயர்ப்பின் வழியில் 1 கொரிந்தியர் 13:13 "விசுவாசம், நம்பிக்கை, அன்பு" என்று வரும். கத்தோலிக்கரின் பழைய செபங்களிலும் விசுவாச முயற்சி, நம்பிக்கை முயற்சி, தேவசிநேக முயற்சி என்றே இருந்தது. இரு சபையாரும் இந்த இரண்டு சொற்களில் ஒன்றுபட்டிருந்தார்கள். திருவிவிலியத்தில் அதே வசனம் "நம்பிக்கை, எதிர்நோக்கு, அன்பு" ஆனது. விசுவாசம் வடசொல் என்று விலக்கினார்கள், அதன் நாற்காலியில் நம்பிக்கையை உட்கார வைத்தார்கள், இருந்த இடம் காலியானதால் எதிர்நோக்கைக் கொண்டுவந்தார்கள். ஒரு சொல்லை மாற்றப் போய் மூன்று சொற்கள் இடம்பெயர்ந்தன.

விளைவு என்ன? "இளையோரின் நம்பிக்கை குறைந்து வருகிறது" என்று ஒருவர் மேடையில் சொல்கிறார். புதிய வழக்கில் வளர்ந்தவர் இதைக் கேட்டால் பிள்ளைகள் கோவிலுக்கு வருவதில்லை, சமயப் பற்றுக் குறைகிறது என்று எடுத்துக்கொள்வார். தென்னிந்தியத் திருச்சபைக்காரரும் பெந்தெகொஸ்தே சபைக்காரரும் பிள்ளைகள் மனமுடைந்திருக்கிறார்கள் என்று எடுத்துக்கொள்வார்கள். நாளிதழ் படிக்கும் எவருக்கும் இந்த இரண்டாம் பொருள்தான் தோன்றும். இவை வேறு வேறு நிலைகள், மருந்தும் வேறு. முதலாமவருக்கு மறைக்கல்வி வேண்டும், கேள்விகளுக்கு நேர்மையான பதில் வேண்டும். இரண்டாமவருக்குப் பக்கத்தில் வந்து உட்கார ஓர் ஆள் வேண்டும். வேலை கிடைக்காமல் மூன்றாண்டு அறைக்குள் முடங்கிக் கிடக்கும் இளைஞரை 'நம்பிக்கை இழந்தவர்' என்று சொன்ன மாத்திரத்தில் அவிசுவாசி என்ற பட்டமும் சேர்ந்து விழுந்தால், அந்தக் காயத்துக்கு மொழிபெயர்ப்பும் ஒரு காரணம். 1 தெசலோனிக்கேயர் 4:13இல் "நம்பிக்கையற்றவர்களான மற்றவர்களைப்போல" என்று அடக்க ஆராதனையில் வாசிக்கிறோமே, அங்கே பவுல் பேசுவது மரணத்துக்கு அப்பால் எதையும் காணமுடியாத துக்கத்தை.

அடுத்தது, எதிர்நோக்கு என்ற சொல்லே ஏற்கெனவே வேறு வேலையில் இருக்கிறது. "நெருக்கடியை எதிர்நோக்கும் மக்கள்", "சவால்களை எதிர்நோக்குகிறது" என்று செய்திகளில், குறிப்பாக இலங்கைத் தமிழில், அன்றாடம் வருகிறது. அங்கே அதற்கு முகங்கொடுத்தல் என்று பொருள். புயலையும் எதிர்நோக்கலாம், வழக்கையும் எதிர்நோக்கலாம். நோக்கு என்பது பார்வை, எதிர் என்பது திசை. இரண்டிலும் விருப்பத்துக்கு இடமில்லை, யாரைப் பற்றிக்கொள்வது என்பதற்கும் இடமில்லை.

வாய்க்கு வருகிறதா என்றும் பார்க்க வேண்டும். நம்பிக்கை கொடு, நம்பிக்கை ஊட்டு, நம்பிக்கை இழந்தான், நம்பிக்கை துளிர்த்தது, நம்பிக்கையோடு இரு என்று தமிழ் தானாகச் சொல்லும். "எதிர்நோக்கு ஊட்டு", "எதிர்நோக்கு துளிர்த்தது" என்று எந்தத் தாயும் பேசமாட்டாள். மருத்துவமனைப் படுக்கையருகே நின்று சொல்ல முடியாத சொல் மறைக்கல்விப் புத்தகத்தில் மட்டும் வாழும். கத்தோலிக்கத் திருச்சபையின் 2025 யூபிலி ஆண்டின் விருதுவாக்கு "எதிர்நோக்கின் திருப்பயணிகள்" என்று தமிழில் வந்தது. லத்தீனில் அது "பெரெக்ரினான்டெஸ் இன் ஸ்பெம்", அதாவது ஹோப்பை நோக்கிப் பயணம் போகிறவர்கள். திசையைக் காட்டும் அந்த வேற்றுமை உருபை அப்படியே கொண்டுவர முயன்றால் "எதிர்நோக்கை நோக்கி" என்று நாக்கு இடறும். அதனால் லத்தீனில் இருந்த திசை தமிழில் விழுந்துவிட்டது. 2025 ஆகஸ்ட் தொடக்கத்தில் உரோமையின் தோர் வெர்காத்தா திடலில் திருத்தந்தை பதினான்காம் லியோவோடு திரண்ட இளையோர் நடந்தது அந்தத் திசையில்தான். "நம்பிக்கையை நோக்கி நடப்போர்" என்றிருந்தால் ஒரு குறையும் இல்லை.

மறுபக்க நியாயம் ஒன்றை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். கடவுள் நம்பிக்கை, மூடநம்பிக்கை என்ற வழக்குகளில் நம்பிக்கை சமயப் பற்றையே குறிக்கிறது. விசுவாசமோ இன்று நாய்க்கும் கட்சித் தொண்டருக்கும் உரிய சொல்லாகிவிட்டது, இளையோர் அதை எஜமானிடம் காட்டும் நன்றி என்றே புரிந்துகொள்கிறார்கள். இது உண்மையான சிக்கல். ஆனாலும் ஒரு வரி விளக்கம் போதும். மூச்சுவிடுதலைக் குறிக்கும் 'சுவஸ்' என்ற வடமொழி வேரிலிருந்து வந்தது விசுவாசம், அச்சம் நீங்கி இளைப்பாறி மூச்சுவிடும் நிலை. இதைவிட அழகாக எந்த மறைக்கல்வி வகுப்பைத் தொடங்க முடியும்? தூய தமிழ்தான் வேண்டும் என்றால் 'பற்றுறுதி' இருக்கிறது, நம்பிக்கையைக் குடிபெயர்க்காமலே அதை வைத்திருக்கலாம். ரோமர் 4:18 ஆபிரகாமைப் பற்றி "நம்பிக்கையோடே விசுவாசித்தான்" என்கிறது. இந்த வரியைச் சொல்ல இரண்டு தனித்தனிச் சொற்கள் வேண்டும், இரண்டும் பழகிய சொற்களாக இருக்க வேண்டும்.

இன்னொரு கெடுதலையும் சொல்லியாக வேண்டும். "யானைக்குத் தும்பிக்கை, மனிதனுக்கு நம்பிக்கை" என்ற வகை மேடைப் பேச்சு வாலிபர் கூடுகைகளிலும் புகுந்து நம்பிக்கையைத் தன்னம்பிக்கையாகச் சுருக்கிவிட்டது. எல்பிஸ் தன்னைப் பற்றியது அன்று. பழைய சொல்லைக் காக்க விரும்புகிறவர்கள் இந்தக் களையையும் எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் எதிர்நோக்குக்காரர்கள் சொல்வதில் நியாயம் கூடிவிடும்.

மொழிபெயர்ப்பவர் செய்ய வேண்டியது அதிகமில்லை. முதலில் மூலத்தில் எல்பிஸா பிஸ்டிஸா என்று பாருங்கள், ஆங்கிலத்தை மட்டும் நம்பாதீர்கள். பிஸ்டிஸ் என்றால் விசுவாசம். எல்பிஸ் என்றால் நம்பிக்கை, கூடியவரை "என்ற நம்பிக்கை" என்று எழுதி எதைக் குறித்தது என்பதையும் சொல்லிவிடுங்கள். "கடவுள்மேல் நம்பிக்கை" என்று நிறுத்தினால் இரண்டு பொருளும் வரும், "கடவுள் கைவிடமாட்டார் என்ற நம்பிக்கை" என்றால் ஒன்றுதான் வரும். பிறகு எதிர்மறையாக்கிப் பாருங்கள்: 'அற்றவர்' என்று சேர்த்ததும் அவிசுவாசியைக் குறிக்கிறதா, மனமுடைந்தவரைக் குறிக்கிறதா? இரு சபையாரும் கலந்த கூட்டத்துக்கு அச்சிடும்போது முதல் பக்கத்திலேயே எந்தச் சொல் எதற்கு என்று ஒரு வரி போட்டுவிடுங்கள்.

தொடக்கத்தில் காட்டிய தொடரை எப்படி எழுதுவது? "இளைய தலைமுறை விசுவாசத்தில் நிலைக்கும் என்ற கிறிஸ்தவ நம்பிக்கை." இதற்கு முன்மாதிரி பவுலிடம் இருக்கிறது. இளைஞன் தீமோத்தேயுவுக்கு எழுதும்போது பாட்டி லோவிசாளையும் தாய் ஐனிக்கேயாளையும் பெயர் சொல்லி நினைக்கிறார். அவர்களுக்குள் இருந்த விசுவாசம் "உனக்குள்ளும் நிலைத்திருக்கிறதென்று நிச்சயித்திருக்கிறேன்" என்கிறார். உன்னிடம் எதிர்பார்க்கிறேன் என்று அவர் எழுதவில்லை.